கருவறையும் கமுக்க அறையும்

"இந்தச் சிலையைச் செதுக்கியது யார்?"

"நான்தான்."

"எத்தனை நாள் உழைப்பு?"

"ஆறு மாதம். கண்ணைத் திறந்து வைத்ததும் என் உளிதான்."

"அப்படியானால் உள்ளே சென்று, அருகில் நின்று, ஒருமுறை பார்த்துவிட்டு வரலாமே!"

"இனி முடியாது, ஐயா. அது கருவறைக்குள் போய்விட்டது. நான் வாசலோடு நிற்க வேண்டியவன்."

இது எங்கோ எவரோ பேசக் கேட்டு எழுதி வைத்த பேச்சன்று. ஆனால், குமரி மாவட்டத்து மயிலாடியில், கல்தூசு படிந்த தெருவில், உளியோசை காதில் விழ நடந்து செல்லும் எவருக்கும் எழக்கூடிய கேள்வி. எவரிடமும் கிடைக்கக்கூடிய விடை. நாஞ்சில் நாட்டின் அந்தச் சிற்றூர் சிற்பிகளின் ஊர். பாறையாக வருவது அங்கே பதுமையாகிப் போகிறது. காலைச் செதுக்கி, கையைச் செதுக்கி, கடைசியில் கண்ணைத் திறப்பவன் சிற்பி. திறந்த கண் முதன்முதல் காண்பது அவன் முகத்தைத்தான். ஆனால் குடமுழுக்கு முடிந்த மறுகணமே படைத்தவன் வெளியே, பூசை செய்பவன் உள்ளே, இருவருக்குமிடையே ஒரு கதவு!

கல் மாறவில்லை; கதவுதான் புதிது. அந்தக் கதவு வந்ததும் கல்லுக்கு ஒரு மருட்சி வந்து சேருகிறது. உள்ளே இருப்பது இன்னதென்று உலகில் எவரைக் காட்டிலும் நன்றாக அறிந்தவன், இருட்டுக்குள் எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறான்.

ஆண்டவன் வீட்டுக் கதவைப் பற்றி எழுத இன்று எழுதுகோலை எடுக்கவில்லை. ஆள்பவர் வீட்டுக் கதவைப் பற்றி எழுதவே எடுத்தோம். வரி கொடுப்பவன் குடிமகன். வாக்களிப்பவன் குடிமகன். அவன் உளி பட்டு உருவானதே அரசு. உருவான மறுகணமே அதற்குள்ளும் ஒரு கருவறை அமைந்துவிடுகிறது. 'இரகசியம்' என்று அதன் கதவில் எழுதுகிறார்கள். செதுக்கியவன் வெளியே நிற்கிறான். மக்கள் ஆளும் நாட்டில் மக்களிடமிருந்தே மறைப்பதற்கு அரசுக்கு உரிமை உண்டா? உண்டெனில் எதை, எதுவரை, எவர் ஒப்புதலோடு?

போர், படை, பேரம் என்று பெரிய பொருள்களை வைத்தே இக்கேள்வியைக் கேட்பது வழக்கம். நாம் வேடிக்கையான பொருள் ஒன்றை வைத்துக் கேட்போம். பறக்கும் தட்டு! சிரிக்கத் தோன்றுகிறதல்லவா? சிரியுங்கள். ஆனால் சிரித்து முடித்தபின் சற்றே சிந்தியுங்கள். அற்பமான பொருளிலேயே ஓர் அரசு பொய் பேசுமானால், அருமையான பொருளில் அது மெய் பேசும் என்று எதை நம்பி இருப்பது?

முதலில் நம் நிலையைச் சொல்லிவிடுவோம். வேற்றுலகத்தார் வட்டத் தட்டில் ஏறி வந்து நம் வானில் வட்டமிடுகிறார்கள் என்பதற்கு, ஆய்ந்து ஏற்கத்தக்க சான்று இதுவரை இல்லை. சான்று காட்டினால் ஏற்போம், காட்டாதவரை ஏற்கமாட்டோம். பேய்க்கும் பிசாசுக்கும் நாம் சொன்ன விடை எதுவோ, அதுவே தட்டுக்கும் விடை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2022இல் இதற்கென்றே ஓர் ஆய்வு அலுவலகம் அமைத்தது. 1945 முதல் நடந்த விசாரணைகளைப் புரட்டிப் பார்த்த அந்த அலுவலகம், 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில், வேற்றுலகக் கருவி எதுவும் எவர் கையிலும் இருப்பதற்குச் சான்றில்லை என்றே முடித்தது.

அத்தோடு தீர்ந்ததா வழக்கு? தீரவில்லை. தட்டு பொய் என்பதனால் அரசு சொன்னதெல்லாம் மெய் என்றாகிவிடாது. பகுத்தறிவாளர் பலரும் சறுக்கிவிடும் இடம் இது. பேயைக் கண்டேன் என்றவனைத் திருத்திவிட்டு, பேய்க்கதையைப் பரப்பி ஆதாயம் கண்டவனை விட்டுவிடுவது அரைப் பகுத்தறிவு. முழுமை வேண்டுமானால் இருவரையும் விசாரிக்க வேண்டும்.

1947ஆம் ஆண்டு சூலைத் திங்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ராஸ்வெல் என்னும் ஊர். அதற்கு அப்பாலுள்ள பண்ணை நிலத்தில் ஏதோ ஒன்று விழுந்து சிதறிக் கிடந்தது. பறக்கும் தட்டு ஒன்று கைக்குக் கிடைத்தது என்று 8ஆம் நாள் படைத்தளமே அறிவித்தது. விரைவிலேயே பேச்சு மாறிற்று. தட்டுமில்லை, ஒன்றுமில்லை, வானிலை ஆராயும் பலூன் என்றார்கள். உண்மை இரண்டுக்கும் அப்பால் இருந்தது. விழுந்தது 'மோகுல்' என்ற மறைவுத் திட்டத்தின் பலூன் வரிசை. சோவியத் நாடு அணுகுண்டை வெடித்துப் பார்த்தால் எழும் ஒலியலையை உயர்வானில் இருந்து ஒட்டுக்கேட்கும் ஏற்பாடு அது. ராஸ்வெலில் விழுந்தது இதுவே என்று அமெரிக்க விமானப்படை ஆய்ந்து அறிவித்தது எப்போது? 1994இல்! இடையே ஓடியவை 47 ஆண்டுகள். சோவியத் நாடோ 1949 ஆகஸ்டிலேயே குண்டை வெடித்துக் காட்டிவிட்டது. எதிரி வெடித்த பிறகும் இருட்டில் வைக்கப்பட்டவர்கள் யார்? சொந்த நாட்டு மக்கள்.

அந்த இடைவெளியில் என்ன முளைத்தது? புராணம். தட்டு விழுந்ததாம், உள்ளே குள்ள உருவங்களின் பிணம் கிடந்ததாம், அறுத்து ஆராய்ந்தார்களாம், சொன்னவனை மிரட்டினார்களாம். நூல்கள் வந்தன, படங்கள் வந்தன, விழாவும் வந்தது. ஒரு காட்சி, அதற்கொரு பொய் விளக்கம், அதன்மேல் நீண்ட காலம். மூன்றும் கூடினால் புராணம் பிறக்கும். நம் நாட்டுத் தலபுராணங்களை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்த தொழில் நுட்பந்தான் இது.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்று நம் தென்கோடி வானிலேயே நடந்தது. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், கதிரவன் மறையும் வேளை. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து 'நைக்கி-அப்பாச்சி' என்னும் அமெரிக்க ராக்கெட் எழுந்தது. அது சுமந்து சென்ற சோடியம் ஆவி, உயர்வானில் மறைகதிர் பட்டுச் செம்மஞ்சள் மேகமாக ஒளிர்ந்தது. தும்பாவுக்கும் மயிலாடிக்கும் பறவை பறக்கும் தொலைவு நூறு கிலோமீட்டர்கூட இல்லை. எண்ணிப் பாருங்கள்! அந்தி வானில் அதுவரை எவரும் கண்டிராத ஒரு செம்மஞ்சள் ஒளி! பறக்கும் தட்டுக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான விதை வேண்டுமா? ஆயினும் அது இன்று கதையாகவில்லை, வரலாறாக இருக்கிறது. ஏன்? பன்னாட்டு அறிவியலார் கூடிச் செய்த ஆய்வு அது. இன்ன நாளில், இன்ன காரணத்துக்காக, இன்ன பொருளை வானில் தூவினோம் என்பது ஒளிக்கப்படவில்லை. காரணத்தைச் சொன்னார்கள், புராணம் பிறக்க இடமின்றிப் போயிற்று. ராஸ்வெலில் விழுந்த பலூனைவிடத் தும்பாவில் எழுந்த ஒளி விந்தையானது. ஆனால் திறந்த கதவு விந்தையை அறிவாக்கிற்று. மூடிய கதவு குப்பையைத் தெய்வமாக்கிற்று.

எதிரிக்குத் தெரியக்கூடாது என்றுதானே மறைக்கிறார்கள் என்று கேட்கும் நல்லவர்கள் உண்டு. அவர்களுக்காக இன்னொரு செய்தி. 1955 ஆகஸ்டில் சி.ஐ.ஏ. என்னும் அமெரிக்க உளவு நிறுவனத்தின் யூ-2 விமானம் பறந்து பார்க்கத் தொடங்கியது. 60,000 அடிக்கும் மேலே பறந்தது. அக்காலத்துப் பயணி விமானங்கள் பெரும்பாலும் 20,000 அடிக்குக் கீழே செல்பவை. கீழே இருட்டு கவிந்த பிறகும் மேலே கதிரொளி பட்டு மின்னிய அந்த விமானத்தைக் கண்டவர்கள் திகைத்தார்கள். கடிதம் எழுதிக் கேட்டார்கள். பனித்துகள் என்று சிலருக்கு விடை வந்தது. காற்றடுக்கின் வெப்ப மாறுபாடு என்று சிலருக்கு வந்தது. விடை எழுதியோருக்கு உண்மை தெரியும்! 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் பறக்கும் தட்டு என்று வந்த செய்திகளில் பாதிக்கு மேற்பட்டவை தன் உளவு விமானங்களால் விளைந்தவை என்று, சி.ஐ.ஏ. சார்பில் எழுதப்பட்டு 1997இல் வெளிவந்த வரலாற்றுக் கட்டுரையே கூறுகிறது.

எதிரிக்குத் தெரியாதிருந்ததா? 1956 சூலையில் சோவியத் எல்லைக்குள் நுழைந்தபோதே அந்நாட்டு ராடார்கள் அதைக் கண்டுகொண்டன. கண்டனக் குறிப்பும் வாஷிங்டனுக்குப் போயிற்று. 1960 மே முதல் நாள் அவ்விமானம் ஒன்றை அவர்கள் சுட்டே வீழ்த்தினார்கள். அப்போதும் அமெரிக்க அரசு, வானிலை ஆராயச் சென்ற விமானம் வழி தவறிவிட்டது என்று உலகுக்குக் கதை சொன்னது. உயிரோடு பிடிபட்ட விமானியை குருசேவ் காட்டியதும் கதை கந்தலாயிற்று. நான்கு ஆண்டுகளாக மாஸ்கோவுக்குத் தெரிந்திருந்தது, சொந்த நாட்டு உழவனுக்கும் ஆசிரியனுக்கும் தெரியாதிருந்தது! மாற்றானுக்கு மறைக்கிறோம் என்று சொல்லி மக்களுக்கு மறைப்பது இதுதான்.

மறைப்பதோடு நின்றார்களா? மக்களின் மனத்தை மேய்க்கவும் முனைந்தார்கள். 1953 சனவரியில், ராபர்ட்சன் என்ற இயற்பியலறிஞர் தலைமையில் சி.ஐ.ஏ. ஒரு குழுவைக் கூட்டியது. நான்கு நாளில் குழு முடிவு கண்டது. தட்டுகளால் நாட்டுக்கு நேரடி ஆபத்துக்குச் சான்றில்லை என்றது. நல்ல முடிவு, அதைக் கண்ட சான்றுகளோடு மக்கள்முன் வைத்திருந்தால் பாதி நோய் தீர்ந்திருக்கும். ஆனால் குழு மேலும் சென்று, மக்களின் ஆர்வத்தைத் தணிக்கப் பரப்புரை வேண்டும் என்றும், இதில் ஈடுபடும் தனியார் சங்கங்களைக் கண்காணிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இத்தனைக்கும் பின்னால் இருந்தது உளவு நிறுவனம் என்பதையும் மறைத்தார்கள். அறிவு புகட்டுவது வேறு, ஆட்டி வைப்பது வேறு. ஆசிரியன் காரணம் காட்டித் தெளிவிப்பான். மந்திரவாதி காரணத்தை மறைத்து அடக்குவான். அறிவியலார் கூடிய அவையை மந்திரவாதியின் வேலைக்குப் பயன்படுத்தியதே அங்கு நிகழ்ந்த குற்றம்.

பிற்காலத்தில் மக்கள் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். அங்கே உளவு நிறுவனங்கள் சொன்ன விடை இருக்கிறதே, அது தத்துவ நூல்களில் சேர்க்கத்தக்கது! கடலடியில் மூழ்கிய சோவியத் நீர்மூழ்கியை 'குளோமர்' என்ற கப்பல் கொண்டு 1974இல் கமுக்கமாகத் தூக்க முயன்றது சி.ஐ.ஏ. அதுபற்றிய ஆவணம் உண்டா என்று ஒரு செய்தியாளர் கேட்டபோது, 'உண்டு என்றும் சொல்லமாட்டோம், இல்லை என்றும் சொல்லமாட்டோம்' என்றார்கள். 1976இல் நீதிமன்றம் வரை சென்ற அந்த விடைக்குக் குளோமர் விடை என்றே பெயர் நிலைத்துவிட்டது. உண்டென்றும் சொல்லாமல், இல்லையென்றும் சொல்லாமல், உருவமென்றும் சொல்லாமல், அருவமென்றும் சொல்லாமல் பேசும் கலை நம் நாட்டுக்குப் புதிதன்று. அதை அலுவலகத் தாளில் அச்சடித்துக் கொடுத்ததே அவர்கள் செய்த புதுமை.

1980இல் இன்னொரு வழக்கு. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையிடம் உள்ள தட்டுக் கோப்புகளைக் காட்டுமாறு ஒரு சங்கம் கேட்டது. முகமை 21 பக்கத்தில் ஒரு வாக்குமூலத்தை எழுதி, நீதிபதியிடம் மட்டும் தனியறையில் காட்டியது. வழக்குத் தொடுத்தவர்களின் வழக்கறிஞர்கூடப் பார்க்க முடியவில்லை. பார்த்த நீதிபதி, மறைப்பது முறையே என்று வழக்கைத் தள்ளினார். பின்னர் அந்த வாக்குமூலம் வெளிவந்தபோது வரிக்கு வரி கருமை பூசப்பட்டிருந்தது. ஆண்டுகள் பல கழித்து மை குறைந்து வெளிவந்தபோது தெரிந்ததென்ன? அந்தக் கோப்புகளில் பெரும்பாலானவை அயல்நாட்டாரின் செய்திப் பரிமாற்றத்தை ஒட்டுக்கேட்டதில் கிடைத்தவை. அவர்கள் காத்தது தட்டையல்ல, ஒட்டுக்கேட்ட காதை! அதில் ஒரு நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் காதைக் காக்கிறோம் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதுமே! கருப்பு மையைக் கண்டவன், அதற்கடியில் வேற்றுலகமே இருக்கிறது என்று எண்ணியதில் வியப்பென்ன?

அமெரிக்கன் கதை நமக்கெதற்கு என்பீர்களானால், இமயத்துக்கு வாருங்கள். 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக்கில் பாங்காங் ஏரியை அடுத்த தாகுங் பகுதியில், எல்லை காத்து நின்ற நம் படையினர் வானில் ஒளிப்பொருள்களைக் கண்டு கண்டு குறித்தனர். மொத்தம் 329 குறிப்புகள்! சீனத்து ஆளில்லா வேவு விமானமோ என்ற ஐயம். 1962ஐ மறக்காத எல்லை அல்லவா? கடைசியில் பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தாரைக் கேட்டார்கள். அவர்கள் கணக்கிட்டுச் சொன்ன விடை 2013 சூலையில் செய்தித்தாளில் வந்தது. ஒன்று வெள்ளி. மற்றொன்று வியாழன்.

வீரரை எள்ளுவது நம் நோக்கமன்று. பதினாலாயிரம் அடி உயரத்தில், காற்று மெலிந்த குளிரில், கோள்கள் கண்ணைப் பறிக்கும்படி ஒளிரும். கண்டதைக் கண்டபடி எழுதியது அவர்களின் கடமை. நாம் கேட்பது வேறு. நாஞ்சில் நாட்டு உழவன் விடிவெள்ளியைப் பார்த்து வயலுக்குப் புறப்படுகிறான். அவனுக்குத் தெரிந்த வெள்ளி, கோப்புக்குள் நுழைந்ததும் எப்படி வேவு விமானமாயிற்று? இரகசியக் கோப்பு அதை அறியத்தக்கவன் கைக்கும் போகாது என்பதுதான் காரணம். அந்த லடாக்கிலேயே, ஹான்லேயில், அதே வான் இயற்பியல் நிறுவனத்தின் வானாய்வு நிலையம் இருக்கிறது. ஒரே வானத்தின் கீழ் ஒருபுறம் ஐயம், ஒருபுறம் அறிவு. இரண்டும் சந்தித்தபோது ஐயம் மறைந்தது. சந்திக்கும் வரையில், பகைவன் இல்லாத இடத்தில் பகைவனைக் கண்டோம். பூட்டு, மக்களின் கண்ணை மட்டுமா மறைக்கிறது? பூட்டியவனின் கண்ணையும் மறைக்கிறது!

2023 நவம்பர் 19இல் மணிப்பூரின் இம்பால் விமான நிலையத்தருகே வானில் ஏதோ தென்பட்டது. சில மணி நேரம் விமானங்கள் நின்றன. வான் காப்பு ஏற்பாட்டை இயக்கினோம், அந்தச் சிறு பொருள் அதன்பின் தென்படவில்லை என்று விமானப்படை அறிவித்தது. அந்த ஆண்டு மே முதல் அம்மாநிலம் கலவரத்தில் வெந்துகொண்டிருந்தது. வதந்தியே வாளாக மாறக்கூடிய மண். அத்தகைய மண்ணில் வானத்தில் ஒரு பொருளும், தரையில் இரண்டு வரியும் போதுமா? என்ன என்று தெரிந்தால் சொல்க. தெரியாவிட்டால் தெரியவில்லை என்பதையே விளக்கமாகச் சொல்க. தெரியவில்லை என்று சொல்வதால் அரசின் மதிப்பு குறையாது. தெரிந்தும் சொல்லாதபோதுதான் குறையும்.

இங்கே எதிர்வாதம் ஒன்றைக் கேட்டே தீரவேண்டும். நாட்டுக்கு ஒற்றர் வேண்டாவா? எல்லாவற்றையும் சந்தையில் கொட்டிவிட்டு நாடு எப்படி வாழும்? கேள்வி நேரியது. திருக்குறள் பொருட்பாலில் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே உண்டு. ஆனால் ஒற்றன் வேண்டும் என்ற அதே வள்ளுவர் வேறொன்றும் விதித்தார். ஓர் ஒற்றன் கொணர்ந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்க்க வேண்டும்; ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒன்றுபட்டால்தான் தெளிய வேண்டும் என்றார். ஒற்றன் சொல்லை வேதமாக்காதே என்பதே இதன் பொருள். மன்னராட்சிக் காலத்துக்கே அந்தத் தடை வேண்டியிருந்தது. மக்களாட்சிக்கு வேண்டாவா?

வேண்டும் என்பதற்குச் சான்றாக ஒரு மனிதரையே காட்டலாம். மயிலாடியிலிருந்து சற்றுத் தொலைவே உள்ள நாகர்கோவிலில் 1941இல் பிறந்தவர் நம்பி நாராயணன். ஒளிவின்றி ஒளிமேகம் எழுப்பிய அதே தும்பாவில் 1966இல் பணியில் சேர்ந்தார். ராக்கெட் எஞ்சின் கலையில் உயர்ந்தார். 1994 நவம்பர் 30ஆம் நாள் கைது செய்யப்பட்டார். கிரையோஜெனிக் எஞ்சின் இரகசியத்தை அயலாருக்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு. காவல்துறை விசாரித்தது, உளவுத்துறை விசாரித்தது, அடித்துத் துன்புறுத்தினர் என்று அவர் சொன்னார். ஐம்பது நாள் சிறை. வீட்டார்க்கு வசை. அந்த எஞ்சினோ அன்று நம்மிடம் உருவாகியிருக்கவேயில்லை! நாம் சொந்தமாகச் செய்த கிரையோஜெனிக் எஞ்சின் விண்ணில் வெற்றி கண்டது 2014 சனவரியில்தான். இல்லாத பொருளை விற்றதாக ஒரு வழக்கு! 1996இல் சி.பி.ஐ. ஆய்ந்து, குற்றச்சாட்டுக்கு அடிப்படையில்லை என்றது. 1998இல் உச்ச நீதிமன்றம் மறுவிசாரணை முயற்சியை நீக்கியது. 2018 செப்டம்பர் 14இல் அதே மன்றம், அவரைத் தேவையின்றிக் கைது செய்து கொடுமைக்கு ஆளாக்கினர் என்று கூறி 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. இருபத்து நான்கு ஆண்டுகள்!

வெள்ளிக்கோளை வேவு விமானம் என்று எண்ணிய தவறுக்கும், விஞ்ஞானியை விற்பனையாளன் என்று எண்ணிய தவறுக்கும் அளவில்தான் வேற்றுமை, வகை ஒன்றே. இரண்டும் மூடிய அறையில், கேள்வி கேட்பார் இல்லாத இடத்தில் வளர்ந்தவை. கோளுக்கு வலிக்காது. மனிதனுக்கு வலிக்கும். இப்போது சொல்லுங்கள், பறக்கும் தட்டு வேடிக்கைப் பொருளா? இரகசியம் என்ற ஒரே பூட்டுத்தான் அற்பத்தையும் மறைக்கிறது, அநீதியையும் மறைக்கிறது. அற்பத்துக்காக அதைக் கேள்வி கேட்கப் பழகாதவன், அநீதி நேரும்போது எந்த வாயால் கேட்பான்?

ஆகவே எல்லாக் கதவையும் பெயர்த்தெறியச் சொல்லவில்லை. மூன்று வரம்புகளை வைக்கச் சொல்கிறோம். ஒன்று, மறைக்கலாம், பொய் சொல்லலாகாது. சொல்லமாட்டேன் என்பதில் ஒரு நேர்மை உண்டு. பனித்துகள் என்று சொல்வதில் இல்லை. முன்னது குடிமகனைக் காத்திருக்கச் செய்கிறது, பின்னது அவனை ஏமாளியாக்குகிறது. பொய் சொல்லிப் பழகியவர்கள் 2024இல் ஆய்ந்து மெய்யைச் சொன்னபோது நம்பாதார் இருந்ததற்கு இதுதானே காரணம்? புலி வருகிறது என்று பொய்க்கூச்சலிட்ட இடையனின் கதி, அரசுகளுக்கும் நேரும்.

இரண்டு, மறைப்புக்குக் காலக்கெடு வேண்டும். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, இருபது ஆண்டு கழிந்த செய்திகளை வெளியிடச் சொல்கிறது. நல்ல விதி, அதை நாள்தோறும் நடைமுறையாக்க வேண்டும்.

மூன்று, மறைத்தது முறைதானா என்று பார்க்க, மறைத்தவனல்லாத வேறொரு கண் வேண்டும். அமெரிக்க விமானப்படை தட்டுச் செய்திகளைத் தொகுத்த திட்டத்துக்கு 'நீலப் புத்தகம்' என்று பெயர். 1969இல் மூடும்போது அதன் கணக்கில் 12,618 செய்திகள். அவற்றுள் 701க்கு விளக்கமில்லை. நம் நாட்டிலும் ஒரு நீலப் புத்தகம் உண்டு! தலைமையமைச்சரின் பயணப் பாதுகாப்பு விதிகளைக் கொண்ட அந்த ஏட்டைக் காட்டமாட்டோம் என்று உத்தரப் பிரதேச அரசு வழக்காடியது. 1975இல் உச்ச நீதிமன்றம், அரசு செய்வதை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என்றும், மறைக்கத்தக்க ஆவணமா என்று பார்த்துத் தீர்மானிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்றும் நிலைநாட்டியது. அந்தக் கண் உளவு நிறுவனங்கள் பக்கமும் திரும்ப வேண்டும். அமெரிக்காவிலேனும் 1976 முதல் மேலவைக் குழு ஒன்று உளவு நிறுவனங்களைக் கேள்வி கேட்கிறது. இங்கே உளவுத்துறைக்கும், 1968இல் அமைந்த 'ரா' நிறுவனத்துக்கும் அதிகார எல்லை வகுத்து நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இவற்றுக்கு விலக்களிக்கிறது. ஊழலும் மனித உரிமை மீறலும் பற்றிய குற்றச்சாட்டாயின் விலக்கில்லை என்று அதே பிரிவு ஒரு சாளரமும் வைத்திருக்கிறது. அந்தச் சாளரத்தைத் தட்டும் கைகள் பெருக வேண்டும். 1923இல் வெள்ளையன் வைத்த அலுவல் இரகசியச் சட்டமோ இன்னும் இருக்கிறது. பூட்டியவன் கப்பலேறிப் போய்விட்டான், பூட்டை நாம் துடைத்துத் துடைத்துப் பாதுகாக்கிறோம்!

திறந்தால் என்ன ஆகும் என்று அஞ்சுகிறார்களா? பிரான்சு நாட்டு விண்வெளி நிறுவனம் 1977 முதல் இத்தகைய காட்சிகளை ஆராய்ந்து வருகிறது. 2007 மார்ச்சில் தன் கோப்புகளை எல்லாரும் பார்க்க இணையத்தில் வைத்தது. பிரிட்டன் 2008 முதல் 2013 வரை தன் தட்டுக் கோப்புகளைத் தவணை தவணையாக ஆவணக் காப்பகத்தில் வெளியிட்டது. பகைவன் படையெடுத்தானா? மக்கள் பித்துப் பிடித்து ஓடினரா? படிக்க விரும்பியவர்கள் படித்தார்கள், அவ்வளவே.

மயிலாடிக்குச் சில கிலோமீட்டர் தள்ளி சுசீந்திரம். அங்குள்ள கோவிலைச் சுற்றிய தெருவில் நடக்கவே ஒரு பகுதி மக்களுக்கு உரிமையில்லாதிருந்தது. 1926இலும் 1930இலும் அறப்போர் நடந்தது. திறந்தால் தெய்வம் பொறுக்காது என்றார்கள். 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் ஆலய நுழைவு அறிவிப்பு வந்தது. கதவு திறந்தது, வானம் இடியவில்லை. திறக்கவே முடியாது என்று சொல்லப்பட்ட கதவுகளெல்லாம், தட்டிய கைகள் ஓயாததால் திறந்தவையே.

உளி பிடித்த தோழனே! கல்லை நீ அறிவாய். அதன் எடை அறிவாய், பிளவு அறிவாய், எங்கே அடித்தால் உடையும் என்பதும் அறிவாய். கதவு மூடிய பிறகும் அந்த அறிவை மறந்துவிடாதே. உள்ளே இருப்பது நீ செய்தது. அது எப்படி இருக்கிறது என்று கேட்பது உன் ஆணவமன்று, உன் உரிமை. கேட்டால் என்ன கிடைக்கும் என்கிறாயா? பெரும்பாலும் ஒரு பலூன் கிடைக்கும்; ஒரு விமானம் கிடைக்கும்; ஒரு வெள்ளிக்கோள் கிடைக்கும். என்றோ ஒருநாள், குற்றமற்ற ஒருவன் கிடைப்பான். அவனுக்காகவேனும் நாள்தோறும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.